கொந்தளிக்கும் கடலுக்கு எந்த சர்ஃப்ஸ்கி? நிலைப்பையும் வேகத்தையும் எடைபோட்டு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, செகண்ட் ஹேண்டில் ஒரு கார்பன் போட் வருது. 43 சென்டிமீட்டர் அகலம், 11 கிலோதான். ஆத்துல ஓட்டிப் பார்த்தேன், ஒரு தடவைகூட விழலை. எடுத்துடலாமா?"

அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்வான் ஆற்றில் கயாக் ஓட்டிப் பழகியவர், இப்போது கடலுக்குப் போக ஆசைப்படுகிறார். "எடுக்காதீங்க, ஒரு வாரம் பொறுங்க" என்று மட்டும் சொன்னேன். காரணத்தைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள்.

சர்ஃப்ஸ்கி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தரை முதல் ஆறரை மீட்டர் நீளத்தில் ஊசி மாதிரி இருக்கும் படகு இது. சாதாரண கயாக்கில் இடுப்பு வரை உள்ளே நுழைந்து உட்காருவோம். இதில் மேல்தளத்தில் இருக்கும் ஒரு குழிவான இருக்கையில் உட்காருகிறோம். அதற்குப் பெயர் பக்கெட். சுக்கானைப் பாதங்களால் திருப்ப வேண்டும். கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பாது, புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். நம் கட்டுமரமும் இதே யோசனையில் பிறந்ததுதான்: தண்ணீர் தங்க இடமே இல்லாத கலத்தை அலை மூழ்கடிக்க முடியாது. ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் உயிர்காக்கும் வீரர்கள் கையில் வளர்ந்த இந்தப் படகு, பிறகு தென்னாப்பிரிக்காவின் டர்பன், கேப் டவுன், அப்புறம் ஹவாய் என்று போய், காற்று அடிக்கும் திசையிலேயே அலைகளைப் பிடித்து ஓடும் பெரிய விளையாட்டாகிவிட்டது.

எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் நானும் 43 சென்டிமீட்டர் படகு ஒன்றை வாங்கினேன். ஆற்றில் சோதித்தேன், நன்றாக ஓடியது. "ஒரு மாசத்துல பழகிடும்" என்று விற்றவர் சொன்னார், நம்பினேன். பெர்த்தின் கோடைக்கால மதியங்களில் தென்மேற்கிலிருந்து ஒரு கடற்காற்று வரும். ஊரில் அதை 'ஃப்ரீமேன்டில் டாக்டர்' என்பார்கள். அது 18 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) அடித்த ஒரு நாளில், லெய்ட்டன் கடற்கரையிலிருந்து வடக்கே கிளம்பினேன். முதல் பத்து நிமிடம் சமாளித்தேன். வடக்கே உள்ள காட்டஸ்லோ கடற்கரை நெருங்கியதும் கடல் மாறியது. பின்னாலிருந்து காற்றலை, இடது பக்கத்திலிருந்து இந்தியப் பெருங்கடலின் நெடிய அலை, வலது பக்கம் கரையிலும் பாறையிலும் மோதித் திரும்பும் அலை என்று மூன்றும் சேர்ந்துகொண்டன. ஓர் அலை வந்து படகின் பின்பக்கத்தைத் தூக்கும், மூக்கு இறங்கும். அந்த நொடியில் நாலு துடுப்பு பலமாகப் போட்டால் படகு தானாகச் சறுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு முறையும் அந்த நொடியில்தான் என் துடுப்பு தண்ணீரின் மேல் தட்டையாகக் கிடந்தது, நான் விழாமல் இருப்பதற்காக. அலை என்னைக் கடந்து போய்விடும். அன்று ஒன்பது முறை விழுந்தேன். அடுத்த வாரம் நண்பர் ஒருவரின் 51 சென்டிமீட்டர் படகை இரவல் வாங்கி அதே வழியில், ஏறத்தாழ அதே காற்றில் ஓட்டினேன். 11 நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். இத்தனைக்கும் அது 15 கிலோ எடையுள்ள, 'ஆரம்பநிலை' என்று முத்திரை குத்தப்பட்ட படகு.

இந்த வழிகாட்டியில் நான் சொல்லவருவது இந்த ஒன்றைத்தான். கொந்தளிக்கும் நீரில், முன்னேறுவதற்காகத் துடுப்பு போட எந்தப் படகு உங்களை அதிக நேரம் விடுகிறதோ அதுதான் உங்களுக்கு வேகமான படகு. நிலைப்பும் வேகமும் தராசின் இரண்டு தட்டுகள் என்று நினைத்துக்கொண்டு பலர் வாங்கப் போகிறார்கள். அமைதியான நீரில் அது சரிதான். அலையில் நிலைப்பிலிருந்துதான் வேகம் வருகிறது. ஹவாயில் மொலக்காய் தீவிலிருந்து ஓவாஹு தீவுக்கு ஏறத்தாழ 52 கிலோமீட்டர் கடலைக் கடக்கும் போட்டியை 12 முறை வென்றவர் தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கார் சாலுப்ஸ்கி. அவரே 'ஸ்டெபிலிட்டி பிஃபோர் எபிலிட்டி' என்று பலமுறை சொல்லியிருக்கிறார். முதலில் ஆட்டமில்லாமல் உட்கார், திறமை பிறகு வரும் என்று பொருள்.

படி 1: உங்கள் கடலை எண்ணிப் பாருங்கள்

படகைப் பார்க்கப் போகும் முன் கடலைப் பாருங்கள். நீங்கள் வழக்கமாக இறங்கப்போகும் இடத்துக்கு, இறங்கப்போகும் நேரத்தில், மூன்று நான்கு நாள் போய் நில்லுங்கள். நங்கூரமிட்ட மிதவையோ பாலத்தின் தூணோ ஒன்று கண்ணில் படும். அதைத் தாண்டும் அலை முகடுகளுக்கு இடையே எத்தனை வினாடி என்று கைக்கடிகாரத்தில் எண்ணுங்கள். பத்து அலையை எண்ணி சராசரி எடுத்தால் போதும்.

இந்த ஓர் எண் நிறையச் சொல்லும். ஆழமான நீரில் அந்த வினாடிக் கணக்கை 5.6 ஆல் பெருக்கினால் அலை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கிடைக்கும். 3 வினாடி அலை மணிக்கு 17 கிலோமீட்டர், 4 வினாடி அலை 22 கிலோமீட்டர். முகட்டுக்கு முகடு தூரமும் கணக்கிடலாம்: வினாடியை அதனாலேயே பெருக்கி, மறுபடி 1.56 ஆல் பெருக்க வேண்டும். 3 வினாடிக்கு 14 மீட்டர், 4 வினாடிக்கு 25 மீட்டர்.

இனி படகின் பக்கம் வருவோம். ஆறு மீட்டர் படகு, தானே எழுப்பும் அலையோடு மல்லுக்கட்டாமல் போகும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பது அதற்கும் கீழேதான். ஆக, 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நாம் 17 கிலோமீட்டர் வேக அலையில் தொற்றிக்கொள்ள வேண்டும், ஓடும் பஸ்ஸில் ஏறுவது போல. இடைவெளியில் பெரும்பகுதியை அலையின் சரிவே தந்துவிடும். மீதியை நாலைந்து துடுப்பில் நாம் தர வேண்டும். அகலமான படகும் ஒல்லியான படகும் அமைதியான நீரில் சராசரி ஆளின் கையில் காட்டும் வித்தியாசம் மணிக்கு அரை கிலோமீட்டர் இருந்தாலே அதிகம். அந்த நாலைந்து துடுப்பைத் தவறவிட்டால் போவது அதைவிடப் பல மடங்கு.

எண்ணும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: அலை ஒரே திசையிலிருந்து வருகிறதா, பல திசைகளிலிருந்தா? துறைமுகச் சுவர், பாறைத்திட்டு, செங்குத்தான கரை இவற்றுக்குப் பக்கத்தில் அலை மோதித் திரும்பும். ஃப்ரீமேன்டில் துறைமுகத்தின் வடக்குத் தடுப்புச் சுவரை ஒட்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழங்கால் உயர அலையே ஆளைக் கவிழ்த்துவிடும். ஒரே திசையில் வரும் ஒரு மீட்டர் அலையைவிட மூன்று திசையில் வரும் அரை மீட்டர் அலை கடினம். உங்கள் இடம் இரண்டாவது வகை என்றால், அடுத்து சொல்லப்போகும் எல்லா அளவிலும் ஒரு படி அகலமாக யோசியுங்கள்.

படி 2: படகின் உடம்பைப் படிப்பது

அகலத்தில் தொடங்குகிறேன். நீர்மட்டத்தில் படகின் அகலம் கூடக்கூட, சாய்ந்தால் நிமிர்த்தும் பலம் அகலத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 43 சென்டிமீட்டரிலிருந்து 48க்குப் போனால் கூடுவது ஐந்தே சென்டிமீட்டர்தான். ஆனால் வடிவம் தரும் அந்தப் பலம் ஏறத்தாழ 40 சதவீதம் ஏறிவிடும். கடையில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். உட்கார்ந்தால் வேறு வேறு உலகம்.

பொதுவாக சந்தையில் நாலு அடுக்கு இருக்கிறது. 50 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளவை ஆரம்ப அடுக்கு. எபிக் நிறுவனத்தின் வி8 இதற்கு நல்ல உதாரணம்: 18 அடி நீளம், 56 சென்டிமீட்டர் அகலம். ஃபென் நிறுவனத்தின் ப்ளூஃபினும் இந்த வகைதான். 47 முதல் 50 வரை நடு அடுக்கு. எபிக் வி10 ஸ்போர்ட் போன்றவை இதில் வரும். கடலில் வாரம் இரண்டு நாள் இறங்கும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க இந்த அடுக்கே போதும் என்பது என் கருத்து. 45, 46 சுற்றி மேல்நடு அடுக்கு. 43 சுற்றி பந்தய அடுக்கு. எபிக் வி12, ஃபென் எலீட் எல்லாம் அங்கே. ஸ்டெல்லர், நீலோ, திங்க், கார்பனாலஜி என்று மற்றவர்களும் இதே ஏணியில் தங்கள் படிகளை வைத்திருக்கிறார்கள். மாடலின் பெயர் மாறாமலே வடிவத்தைத் திருத்துவது இந்தத் துறையில் வழக்கம். அதனால் வாங்கும் படகு எந்த வருடத்தது என்று கேட்டு அதன் அளவைப் பாருங்கள்.

அட்டவணையில் போட்டிருக்கும் அகலம் படகின் மிக அகன்ற இடத்தின் அளவு. அந்த இடம் நீருக்கு மேலேயும் இருக்கலாம். இங்கேதான் முதல் நிலைப்பு, இரண்டாம் நிலைப்பு என்ற பேச்சு வருகிறது. அடிப்பக்கம் தட்டையான படகு அமைதியான நீரில் மேசை போல நிற்கும்; அதுதான் முதல் நிலைப்பு. ஆனால் அலையின் சரிவு வந்தால் அந்த மேசையும் அலையோடு சேர்ந்து சாயும், ஒரு கட்டத்துக்கு மேல் சட்டென்று புரட்டிவிடும். அடி உருண்டு, நீருக்கு மேலே பக்கவாட்டில் விரியும் படகு தொடக்கத்தில் லேசாக ஆடும். சாயச்சாய ஏதோ ஒரு கை தாங்குவது போல இறுகிக்கொண்டு வரும். அது இரண்டாம் நிலைப்பு, கொந்தளிப்பில் நம்மைக் காப்பாற்றுவது அதுதான். எனவே ஆற்றங்கரையில் உட்கார்ந்த முதல் நிமிடத்தில் "லேசா ஆடுது" என்று ஒரு படகை ஒதுக்காதீர்கள். "அசையவே இல்லை" என்று வாங்கவும் செய்யாதீர்கள்.

நீளம் அடுத்தது. நீளமான படகு வேகமானது என்பார்கள், தட்டை நீரில் உண்மை. படி 1இல் எண்ணிய எண்ணை எடுங்கள். இரண்டரை வினாடி அலை என்றால் முகட்டுக்கு முகடு பத்து மீட்டருக்கும் குறைவு. முகட்டிலிருந்து பள்ளம் ஐந்து மீட்டர். ஆறரை மீட்டர் படகு அந்த இடத்தில் அடங்காது. வால் முகட்டில் இருக்கும்போதே மூக்கு முன்னால் உள்ள அலையின் முதுகில் குத்திப் புதையும். விரிகுடா, ஏரி, அகலமான ஆற்று முகத்துவாரம் போன்ற குட்டை அலைப் பகுதிகளில் ஐந்தரை மீட்டர் படகு துள்ளிக்கொண்டு போகும் இடத்தில் நீளப் படகு தடுமாறுவதற்கு இதுதான் காரணம். நாலு வினாடி, ஐந்து வினாடி அலை உருளும் திறந்த கடலில் நீளம் மறுபடி பயன்படும்.

கடைசியாக அடிவளைவு. படகைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: மூக்கும் வாலும் மேலே தூக்கி, நடு இறங்கி, வாழைப்பழம் போல லேசாக வளைந்திருக்கும். வளைவு அதிகமானால் அலையில் சுலபமாகத் திரும்பும், மூக்கு புதையாது. குறைவானால் நேர்கோட்டில் நன்றாக ஓடும். கொந்தளிப்புக்கு வளைவும், பருமனான மூக்கும் வேண்டும்.

படி 3: உங்கள் உடம்பை நேர்மையாக அளப்பது

ஒரே படகு ஒருவருக்கு நிலையானது, இன்னொருவருக்கு ஆட்டம். காரணம் எடை எங்கே உட்காருகிறது என்பது. 12 கிலோ படகில் 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் மொத்த எடையில் பெரும்பங்கு நம் உடம்புதான். எனவே உட்காரும் உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் மொத்தத்தின் எடைமையம் கிட்டத்தட்ட அதே அளவு ஏறிவிடும். ஒல்லியான படகின் நிலைப்பே சில சென்டிமீட்டரில்தான் நிற்கிறது, அதில் ஒரு சென்டிமீட்டர் போவது பெரிய நஷ்டம். இடுப்பு வலிக்கிறது என்று தடித்த ஸ்பாஞ்ச் வாங்கி அடியில் போடுபவர்கள் இதைத் தெரியாமலே படகை ஒரு படி கடினமாக்கிக்கொள்கிறார்கள். அடியில் வைக்க வேண்டியிருந்தால் மெல்லியதாக வையுங்கள். இடுப்புக்கு இரு பக்கமும் இடைவெளி இருந்தால் அங்கே ஒட்டுங்கள். உயரமும் ஏறாது, படகும் உடம்போடு சேர்ந்து அசையும்.

உயரமானவர்கள், தோள் அகன்றவர்கள் ஒரு படி அகலமாகத் தொடங்கலாம். எடை குறைந்தவர்களுக்கு வேறு சிக்கல். 55 கிலோ ஆள் 90 கிலோ ஆளுக்காகச் செய்த படகில் உட்கார்ந்தால் அது தக்கை போல நீரின் மேலேயே மிதக்கும், காற்று பக்கவாட்டில் தள்ளும், சுக்கானும் முழுதாக அமுங்காது. ஒவ்வொரு மாடலுக்கும் எந்த எடைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர்கள் ஒரு வரம்பு தருகிறார்கள். உங்கள் எடை அந்த வரம்பின் நடுவில் விழுவது நல்லது.

வயது, மூட்டு, முதுகு பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டம் காணும் படகில் இடுப்புத் தசைகள் ஒரு கணம்கூட ஓய்வதில்லை. வேலை முடிந்து மாலை ஐந்து மணிக்கு இறங்கும் 45 வயது ஆளின் சமநிலை, சனிக்கிழமை காலையில் இருக்கும் சமநிலை அல்ல. களைத்த நாளின் உடம்புக்குப் படகு வாங்குங்கள்.

படி 4: பக்கெட், கால்பலகை, சுக்கான்

பக்கெட்டில் உட்கார்ந்து கால்பலகையைச் சரிசெய்யுங்கள். முழங்கால் லேசாக மடங்கி, குதிகால் நன்றாக ஊன்றி, ஒவ்வொரு துடுப்புக்கும் காலால் தள்ள முடிய வேண்டும். பக்கெட்டுக்கு முன்னால் தொடையின் கீழ் ஒரு மேடு இருக்கும். அது தொடைப்பின்புறத்தை அழுத்தினால் முக்கால் மணியில் கால் மரத்துவிடும், மரத்த காலோடு சமநிலை கிடையாது. கடையில் பதினைந்து நிமிடமாவது அப்படியே உட்கார்ந்திருங்கள். கூச்சப்பட வேண்டாம், ஆயிரக்கணக்கான டாலர் தரப்போகிறீர்கள்.

சுக்கான் பலர் கவனிக்காத பாகம். கடலுக்கு, படகின் அடியில் வாலுக்குச் சற்று முன்னால் பொருத்திய சுக்கான்தான் சரி. வாலின் நுனியில் தொங்கும் வகை ஆழமில்லாத ஆற்றுக்கு வசதி. அலை வாலைத் தூக்கும்போது அது காற்றில் நிற்கும், படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்குக் குறுக்கே படுத்துவிடும். கொந்தளிப்பில் ஓர் அளவு பெரிய சுக்கான் போட்டால் பிடிமானம் கூடும். பக்கவாட்டு ஆட்டத்தையும் அது கொஞ்சம் மட்டுப்படுத்தும். புதுப் படகு வாங்குவதற்கு முன் பழைய படகில் பெரிய சுக்கான் மாட்டிப் பாருங்கள். செலவு குறைவு, வித்தியாசம் தெரியும்.

பக்கெட்டின் அடியில் பெய்லர் என்ற சின்னத் துளை உண்டு. படகு ஓடும்போது அது தண்ணீரை வெளியே உறிஞ்சும், நின்றால் உறிஞ்சாது. பக்கெட்டில் தண்ணீர் தளும்பினால் படகு இன்னும் ஆடும். எனவே விழுந்து ஏறியதும் உடனே வேகமெடுக்க முடிகிற படகுதான் உங்களுக்குப் பாதுகாப்பானது.

படி 5: கடலில் சோதனை ஓட்டம்

மற்ற எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். ஆற்றில் ஓட்டிப் பார்ப்பது, நிறுத்திவைத்த காரில் உட்கார்ந்து பார்ப்பது போலத்தான். பெரும்பாலான ஊர்களில் சர்ஃப்ஸ்கி குழுவினர் படகைக் கடன் தருவார்கள், கடைகளும் சோதனைப் படகு வைத்திருப்பார்கள். இரண்டு படகு எடுங்கள்: நீங்கள் ஆசைப்படுவது ஒன்று, அதைவிட ஒரு படி அகலமானது ஒன்று. லைஃப் ஜாக்கெட்டும், காலையும் படகையும் இணைக்கும் லீஷும் கட்டாயம். பக்கத்தில் ஒருவர் தன் படகில் கூடவே வர வேண்டும். லீஷ் இல்லாமல் விழுந்தால் 12 கிலோ படகைக் காற்று அடித்துக்கொண்டு போகும் வேகத்துக்கு யாராலும் நீந்த முடியாது.

12 முதல் 15 நாட் காற்று, கரையை நோக்கி அல்லது கரையோரமாக அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கும் நாளில் போக வேண்டாம்.

முதலில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு அலையில் சும்மா உட்காருங்கள். இரண்டு தோள்களுக்கு மேலாகவும் திரும்பிப் பின்னால் பாருங்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடியுங்கள். ஆடினால் கால்களை இரு பக்கமும் தண்ணீரில் தொங்கவிடலாம், அது தவறில்லை. காலைத் தொங்கவிட்டும் தண்ணீர் குடிக்க முடியவில்லை என்றால் அந்தப் படகுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

அப்புறம் ஒரு கிலோமீட்டர் முக்கோணப் பாதை: ஒரு பக்கம் காற்றை எதிர்த்து, ஒரு பக்கம் அலைக்குக் குறுக்கே, ஒரு பக்கம் காற்றோடு. கையில் ஜிபிஎஸ் வாட்ச் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு படகிலும் மூன்று மூன்று சுற்று, படகை மாற்றி மாற்றி. நேரத்தைக் குறிப்பதோடு, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை முறை துடுப்பைத் தட்டையாகத் தண்ணீரில் அடித்துத் தாங்கினீர்கள் என்றும் மனதில் எண்ணுங்கள். குறுக்கு அலைப் பகுதியில்தான் உண்மை வெளிவரும். ஒல்லிப் படகு காற்றை எதிர்க்கும் பக்கத்தில் சில வினாடி மிச்சம் பிடித்து, மற்ற இரண்டு பக்கத்திலும் அதைப் பல மடங்கு தோற்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அவர்கள் இதயத் துடிப்பும் அதில்தான் அதிகம்.

கடைசியாக, ஆள் எட்டாத ஆழத்தில் வேண்டுமென்றே விழுங்கள். படகைப் புரட்டி, பக்கெட்டின் தூரப் பக்க விளிம்பையும் பக்கத்து விளிம்பையும் பிடித்து, காலை உதைத்து வயிற்றால் மேலே ஏறி, இடுப்பைத் திருப்பி பக்கெட்டில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுங்கள். துடுப்பைக் கையிலிருந்து விடவே கூடாது. ஐந்து முறை தொடர்ந்து செய்யுங்கள். நாலாவது முறையிலிருந்துதான் இது உண்மையான சோதனை, ஏனென்றால் கடலில் நாம் விழுவது களைத்த பிறகுதான். ஐந்தாவது முறை ஏற முடியாத படகில் கரையை விட்டுத் தூரம் போகக் கூடாது. எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை.

படி 6: எந்தப் பொருள், என்ன விலை, பழையதா புதியதா

ஒரே வடிவம் மூன்று நான்கு கட்டுமானத்தில் வரும். கண்ணாடி இழை அதிகம் உள்ளது கனமானது, விலை குறைவு, அடி தாங்கும். கார்பன் ஃபைபர் கூடக்கூட எடை குறையும், விலை ஏறும், கல்லில் தட்டினால் மனசும் உடையும். எபிக் வி7 போல பிளாஸ்டிக்கில் வார்த்தவை 20 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆனால் பாறைக் கரையில் புதிதாக இறங்கப் பழகுபவருக்கு அதைப் போல நிம்மதி இல்லை. கொந்தளிப்பில் இரண்டு மூன்று கிலோ கூடுதல் எடை பெரிய தடை ஆகாது. காற்றில் படகு அலைபாயாமல் இருக்கக் கொஞ்சம் உதவவும் செய்யும். கையில் இருக்கும் பணம், இலகுவான ஒல்லிப் படகுக்கோ நடுத்தர எடையுள்ள சரியான அகலப் படகுக்கோ ஒன்றுக்குத்தான் போதும் என்றால், இரண்டாவதை எடுங்கள்.

முதல் படகைப் பழையதாக வாங்குவதே புத்திசாலித்தனம். கட்டைவிரலால் மேல்தளம், அடிப்பாகம், பக்கெட்டின் அடி எல்லாவற்றையும் அங்குலம் அங்குலமாக அழுத்துங்கள். எங்காவது பிஸ்கட் போல நெக்குவிட்டால் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் விளிம்பு, சுக்கான் தண்டு நுழையும் இடம், கால்பலகைத் தண்டவாளம் இவற்றில் மயிரிழை விரிசல் பாருங்கள். படகைத் தூக்கி முன்னும் பின்னும் சாய்த்து, உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று காதை வையுங்கள். சந்தேகமிருந்தால் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, வடிதுளையில் வாயால் மெதுவாக ஊதினால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். கம்ப்ரஸர் வைத்து ஊதவே கூடாது, படகே பிளந்துவிடும். ஒரு தராசும் கையோடு கொண்டுபோங்கள். தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட இரண்டு கிலோ அதிகம் காட்டினால் தண்ணீர் குடித்திருக்கிறது, அல்லது நிறைய ஒட்டுப்போட்டிருக்கிறது.

படி 7: எப்போது ஒல்லிப் படகுக்கு மாறலாம்

காலண்டரைப் பார்த்து மாறாதீர்கள். "இரண்டு வருஷம் ஆச்சு" என்பது காரணமே இல்லை. சோதனை ஓட்டத்தில் எண்ணினீர்களே, துடுப்பால் தாங்கிய எண்ணிக்கை, அதைத் தொடர்ந்து எண்ணிவாருங்கள். நீங்கள் போகும் மிக மோசமான கடலில், ஒரு மணி நேரத்தில் அது இரண்டு மூன்றுக்குக் கீழே இறங்கி, ஒரு பருவம் முழுக்க அப்படியே நின்றால், இப்போதைய படகு உங்களுக்குத் தருவதைத் தந்து முடித்துவிட்டது. அப்போதும் ஒரு படிதான் இறங்க வேண்டும்: 51இலிருந்து 48, 48இலிருந்து 46. மாறிய பிறகு பழைய படகை உடனே விற்காதீர்கள். 25 நாட் அடிக்கும் நாளில் அதில்தான் இறங்கத் தோன்றும். எங்கள் குழுவில் பந்தயப் படகு வைத்திருக்கும் இரண்டு பேர் அத்தகைய நாட்களில் இன்றும் அகலப் படகில்தான் வருகிறார்கள். முன்னால் போய் நிற்பவர்களும் அவர்களே.

தம்பிக்கு 51 சென்டிமீட்டர் படகு ஒன்றும், 48 ஒன்றும் இரண்டு நண்பர்களிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் லெய்ட்டனில் 14 நாட் என்று முன்னறிவிப்பு சொல்கிறது. அந்த 43 சென்டிமீட்டர் கார்பன் படகை விற்பவரிடம் இன்னும் பதில் சொல்லாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.